அடைப்பு எங்கேயும் இல்லை

சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் நான் புரூப் பார்க்கிறேன். பெரும்பாலும் தினசரி காலண்டர் வேலை. நல்ல நேரம், ராகுகாலம், சந்திராஷ்டமம் என்று நாள் முழுக்கப் பொடி எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் தங்கை பக்கத்தில் விஸ்வநத்தத்தில் குடியிருந்தாள். ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னும் வேலை. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். சீசனில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர நாளாகும். அந்த வாரமும் அவர் ஊரில் இல்லை.

அன்று காலை பிரஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்து நின்றது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. மெஷினில் நின்றவர் மெஷினை நிறுத்தினார். எங்கள் ஊரில் இப்படிச் சத்தம் கேட்டால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. ஆளாளுக்குப் போனை எடுப்போம். நானும் எடுத்தேன். தங்கையின் போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. வேலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எந்தக் கம்பெனி என்று செய்தி வந்தது. அவளுடைய கம்பெனிதான்.

என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். கம்பெனிப் பக்கம் போக விடவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே வாசலில் கூட்டம். ஆனால் ஆச்சரியமாக இரைச்சலே இல்லை. எல்லோரும் ஆம்புலன்ஸ் வரும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருந்தின் வாடை, அதாவது வெடிமருந்தின் வாடை, அங்கே வரை வந்திருந்தது.

காயம்பட்டவர்களில் என் தங்கை இல்லை. பின்கட்டில் வைத்திருந்தவர்களைப் பார்க்க ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். ஒரு போலீஸ்காரர் கூட வந்தார். வயதானவர். துணியைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் சொன்னார்.

"மூஞ்சியப் பாக்க வேணாம்மா. கால மட்டும் பாருங்க. போதும்."

கால்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. கெண்டைக்கால் வரை வெள்ளி நிறத்தில் அலுமினியப் பொடி படிந்திருந்தது. இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. என் தங்கைக்கு அப்படித்தான். சின்ன வயதில் அந்த விரலைப் பிடித்து இழுத்துவிட்டு அவளை அழவைப்பேன். கணுக்காலை ஒட்டி ஒரு துண்டுச் சேலை. கத்தரிப்பூ நிறம். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்த சேலை.

"இவதான்" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா."

"என் தங்கச்சிதான்யா. எனக்குத் தெரியாதா?"

வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வீட்டுக்காரர் விஸ்வநத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொன்னார். தங்கை வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். அழுது அழுது ஒரு கட்டத்தில் எனக்குள் எல்லாம் வற்றிப்போய் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் போன் அடித்தது.

திரையில் தங்கையின் படம். பொங்கலுக்கு எடுத்தது. அவள் எண்தான். கம்பெனி வாசலில் வாங்கி வைத்த போனை யாரோ போலீஸ் எடுத்துப் பேசுகிறார்கள் என்று நினைத்து எடுத்தேன்.

"அக்கா."

குரல் தடித்துப் போயிருந்தது. நாக்கு அசையாமல் தொண்டையிலிருந்து மட்டும் வருகிற மாதிரி.

"அக்கா, நாந்தான். வாயில பஞ்சு வச்சிருக்காக. சரியாப் பேச முடியல."

இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்தது என்று சொன்னால் பொய். உள்ளே படுத்திருந்தவளின் மூக்கிலும் வாயிலும் பஞ்சு வைத்திருப்பார்கள் என்பது மட்டும்தான் தோன்றியது. போன் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினார்கள். அந்த அழுத்தம் தாடைக்கு ஏறியது, இடது தோளுக்குப் போனது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டும்படி வேர்த்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடி வருவது தெரிந்தது. அவர் வாய் அசைந்தது, எனக்குச் சத்தம் கேட்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியிலேயே கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஒரு நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, நெஞ்சில் பசை தடவி ரப்பர் குமிழ்களை ஒவ்வொன்றாக ஒட்டினார். கையிலும் காலிலும் கிளிப் மாட்டினார். கணுக்காலில் கிளிப்பின் உலோகம் பட்டபோது ஐஸ் மாதிரி இருந்தது. "பேசாதீங்க, அசையாதீங்க" என்றார். மெஷின் கிறீச்சென்று தாளைத் தள்ளியது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை எடுத்தார். அதையும் பார்த்துவிட்டு, தாளைக் கிழித்துக்கொண்டு போனார்.

டாக்டர் இளவயதுப் பெண். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்க வேண்டும். கண்கள் சிவந்திருந்தன. தாளை வெளிச்சத்தில் பிடித்து என் வீட்டுக்காரருக்குக் காட்டினார்.

"இந்தக் கோடு கீழ வந்து படுக்கணும் சார். படுக்காம இங்க தூக்கலா நிக்குது பாருங்க. இது அட்டாக் மாதிரிதான் இருக்கு."

மாத்திரைகளைக் கொடுத்து மென்று முழுங்கச் சொன்னார். ரத்தம் எடுத்து ஒரு சின்ன அட்டையில் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஒரு பொருள் கசியுமாம். கசிந்திருந்தால் அட்டையில் இரண்டாவது கோடு விழும். விழவில்லை. "வலி வந்து இப்பத்தானே ஆகுது. இம்புட்டுச் சீக்கிரம் காட்டாது. மறுபடி பாக்கணும். இங்கன வச்சிருக்க முடியாது, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஆம்புலன்சில் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அவ பேசுனா."

"யாரு?"

"தங்கச்சி. போன்ல. வாயில பஞ்சு வச்சிருக்காகன்னு சொன்னா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சரி, பேசினா. நீ பேசாம இரு" என்று என் கையைத் தடவினார். என் போன் உடைந்து திரை கறுத்துவிட்டது. அவர் போனிலிருந்து தங்கை எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். எனக்காகத்தான், நம்பி அல்ல. ஸ்பீக்கரில் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அதே பெண் குரல் சொன்னது.

விருதுநகர் தாண்டும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலைப் பார்த்தது நிஜம். குரலைக் கேட்டதும் நிஜம். இரண்டும் நிஜமாக இருக்க முடியாது. காலைப் பார்த்தவள் நான், எனக்குக் கண் இருக்கிறது. குரல்தான் பொய்யாக இருக்க வேண்டும். ஆனால் செத்தவர்கள் பேசினால் 'பசிக்குது', 'பிள்ளையப் பாத்துக்கோ' என்றல்லவா பேசுவார்கள்? வாயில் பஞ்சு இருக்கிறது என்று ஏன் சொல்ல வேண்டும்?

மதுரையில் இறங்கியதும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை கசிவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். மறுபடி ஈசிஜி. பிறகு கட்டிலுக்கே ஒரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, விளக்கைக் குறைத்து, ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். எக்கோ. நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி ஒரு கருவியை விலா எலும்புகளுக்கு இடையில் வைத்து அழுத்தினார் ஒரு டாக்டர். ஒரு பொத்தானை அமுக்கியதும் அறைக்குள் சத்தம் கேட்டது. உஸ், உஸ் என்று ஈரத்துணியை யாரோ தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. "இது என்ன சத்தம்?" என்றேன். "உங்க ரத்தம்தாம்மா" என்றார். எனக்குள் இருந்து வருகிற சத்தம் என்று நம்ப முடியவில்லை. அறைக்கு வெளியே யாரோ நடமாடுகிறார்கள் என்றே பட்டது.

திரையில் சாம்பல் நிறமாக ஏதோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "கீழ்ப்பக்கம் அசையவே மாட்டேங்குது" என்று பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னார்.

ஆஞ்சியோ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்கம் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மணிக்கட்டில் மட்டும்தான் மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் முழு விழிப்பில் இருந்தேன். மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை அனுப்பினார்கள். அது போவது வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உடம்புக்குள் ஒன்று இவ்வளவு தூரம் போகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. சாயம் விட்டபோது திரையில் கறுப்பாகக் கிளைகள் தோன்றின. கோடையில் இலை இல்லாமல் நிற்கும் கருவேல மரம் மாதிரி. ஒரு துடிப்பு நேரம் நின்று மறைந்தன. மறுபடி தோன்றின, மறைந்தன.

பெரிய டாக்டரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்து திரைக்கு மிக அருகில் போய் நின்றார்.

"அடைப்பு எங்கயுமே இல்லையே" என்றார்.

பிறகு இதயத்தின் அறைக்குள்ளேயே சாயம் விடச் சொன்னார். இந்தத் தடவை உடம்பு முழுக்க வெந்நீர் ஊற்றின மாதிரி ஒரு சூடு பரவியது. திரையில் நான் என் இதயத்தைப் பார்த்தேன். மேல்பக்கம் குடத்தின் கழுத்து போலச் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. கீழ்ப்பக்கம் ஊதிப் பெருத்து, அசையாமல், குடத்தின் வயிறு போல நின்றது. பாதி உயிரோடு இருந்தது. பாதி இல்லை.

பெரிய டாக்டர் என் தலைமாட்டுக்கு வந்தார். அவருடைய குரல் இதமாக இருந்தது.

"அம்மா, உங்களுக்கு ரத்தக் குழாயில அடைப்பு இல்ல. ஈசிஜி அட்டாக்னு சொல்லுது, ரத்தம் அட்டாக்னு சொல்லுது, ஆனா இது வேற. பெரிய அதிர்ச்சி வந்தா சில பேருக்கு, அதுவும் பொம்பளைங்களுக்கு, இதயம் இப்படி ஊதி நின்னுடும். ஜப்பான்ல ஆக்டோபஸ் பிடிக்கிற பானை ஒண்ணு இந்த உருவத்துல இருக்கும், அந்தப் பேரையே வச்சிருக்காங்க. வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

"என் தங்கச்சி."

"எப்போ?"

"இன்னைக்குக் காலைல. அப்புறம் போன்ல பேசினா."

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் என்னைப் பார்த்தார்.

வார்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆஞ்சியோ அறையில் இருந்த நர்ஸே மணிக்கட்டுக் கட்டைப் பார்க்க வந்திருந்தார். அப்போது திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கத்தரிப்பூ நிறச் சேலை. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. உதட்டோரம் கொஞ்சம் ரத்தம் காய்ந்திருந்தது.

"நீங்க யாரும்மா?" என்றார் நர்ஸ்.

"தங்கச்சி."

நர்ஸ் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டார். பிடித்த வேகத்தில் இரண்டு வளையங்கள் கம்பியிலிருந்து கழன்றுவிட்டன. "எத்தனை தங்கச்சி உங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டார். "ஒண்ணுதான்" என்றேன்.

தங்கை வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். நான் முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்தேன். இடது சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறித்தான் இருந்தது. பிறகு கையை நீட்டித் தொட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த குளிர்ச்சி என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

நடந்தது இதுதான். காலையில் கம்பெனி வேனுக்காக நின்றவளுக்குக் கடைவாய்ப் பல் வலி பொறுக்க முடியவில்லை. வேனை அனுப்பிவிட்டு, சாத்தூரில் தெரிந்த பல் டாக்டரிடம் போக பஸ் ஏறிவிட்டாள். போனில் சார்ஜ் இல்லை. பல்லைப் பிடுங்கிப் பஞ்சு வைத்துவிட்டு, அங்கே கொஞ்சம் சார்ஜ் போட்டு எனக்கு அடித்தாள். பஞ்சு வைத்திருக்கிறது, பேச முடியவில்லை என்று சொன்னதும் என் பக்கம் ஏதோ விழுகிற சத்தம் கேட்டதாம். திரும்ப அடிப்பதற்குள் மறுபடி போன் செத்துவிட்டது. வெடித்த விஷயமே அவளுக்குத் தெரியாது.

"பஸ்ஸ விட்டு எறங்குறேன்க்கா, கரண்டு கம்பத்துல என் போட்டோ ஒட்டியிருக்கு. கண்ணீர் அஞ்சலின்னு போட்டு. மொதல்ல யாரோ என்னய மாதிரின்னு நெனச்சேன். கிட்டக்கப் போயி பேரப் படிச்சேன். என் பேரு."

எங்கள் ஊரில் போஸ்டர் அடிக்க எவ்வளவு நேரமாகும்? என் வீட்டுக்காரர் சொன்ன சேதியை வைத்துத் தெருக்காரர்கள் அவசரமாக அடித்திருக்கிறார்கள்.

"வீட்டு வாசல்ல சாமியானா போட்டுருக்கு. நாற்காலி போட்டுருக்கு. உள்ள பொம்பளைக அழுறாக. என் பேரச் சொல்லித்தான் அழுறாக. எனக்குக் காலு நகரலக்கா. நான் செத்துட்டனோன்னு நெனச்சேன். நெசமா. பல்லுக்கு ஊசி போட்டாகள்ல, அதுல செத்துட்டேன், அது எனக்குத் தெரியலன்னு நெனச்சேன். எதுத்த வீட்டு மதினிதான் என்னயப் பாத்துச்சு. பாத்துட்டுக் கத்தல. பக்கத்துல வந்து கையக் கிள்ளிப் பாத்துச்சு."

தலையில் தண்ணீர் ஊற்றி, பூசணிக்காய் உடைத்து, அதற்குப் பிறகுதான் அவளை வாசல்படி ஏற விட்டார்களாம். என் வீட்டுக்காரர் போனை எடுக்காததால், எனக்கு நெஞ்சு வலி, மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை வைத்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள்.

இதையெல்லாம் சொன்னவள் உதட்டோரம் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நான் கேட்காததைச் சொன்னாள்.

"அது புதுசா வந்த புள்ளக்கா. சாத்தூருக்கு அங்கிட்டு ஒரு ஊரு. அவளுக்கும் அதே சேலையக் குடுத்திருந்தாக. சுண்டுவெரலும் என்னய மாதிரியேதான் ஏறியிருக்கும். நான் போகலேல்ல, என் எடத்துல அவள உக்கார வச்சிருப்பாக."

என் வீட்டுக்காரர் அந்தப் போலீஸ்காரருக்குப் போன் பண்ணினார். அந்தப் பெண்ணின் வீட்டார் காலையிலிருந்தே ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற எல்லோருக்கும் ஆள் வந்துவிட்டது, உங்கள் மகள் வேறெங்காவது ஓடிப் பிழைத்திருப்பாள் என்று யாரோ சொல்ல, நம்பிக்கையோடு நின்றிருக்கிறார்கள்.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கையின் தெருக்காரர்கள் அவளிடம் நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் அவள் எதையாவது கையில் கொடுத்தால் வாங்காமல், 'அங்கன வச்சிருங்க' என்றார்கள். வெள்ளிக்கிழமை குங்குமம் கொடுக்கப் போனபோது ஒருவர் கதவைத் திறக்கவேயில்லை. போஸ்டர்களைத் தங்கையே கிழித்தாள். கைக்கு எட்டாத இடத்தில் ஒன்று மழையில் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்க்கப் போனபோது அதை நானும் பார்த்தேன். 'துயரத்துடன்' என்பதில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. அந்த நிலையிலும் அது என் கண்ணில் பட்டது.

உடம்பு தேறியதும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். தங்கையைக் கூப்பிட்டேன். "நான் எப்படிக்கா அவுக முன்னால போயி நிக்கிறது?" என்றாள். தனியாகத்தான் போனேன்.

அம்மா மட்டும் இருந்தார். சுவரில் மகளின் படம். நான் எதிர்பார்த்த முகமே இல்லை. என் தங்கையின் சாயல் எங்கேயும் இல்லை. அந்த முகத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேப்பமரத்தடியில ஒக்காந்து அழுதது நீங்கதானா?"

"ஆமாம்மா. என் தங்கச்சின்னு நெனச்சு."

"நான் எதுத்தாப்புலதான் நின்னேன். யாரு வீட்டுப் புள்ளைக்கோ இந்தப் பொம்பள இம்புட்டு அழுகாளேன்னு எனக்குத் தாங்கல. பாவம், நமக்கு அந்தக் கதி இல்லையேன்னு சாமியக் கும்பிட்டேன்."

அவர் அழவில்லை. நானும் அழவில்லை. வெளியே கோழி கொத்திக்கொண்டிருந்தது. "உங்களுக்கு நெஞ்சு வலி வந்துச்சாமே, இப்பத் தேவலையா? என்ன குடிக்கிறீக?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து தந்தார். என் கையில்தான் கொடுத்தார்.

மறு பரிசோதனைக்கு மதுரைக்குப் போனபோது ஈசிஜி சரியாக இருந்தது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை. எக்கோவில் கீழ்ப்பக்கமும் நன்றாக அசைந்தது. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஒரு தடம்கூட இல்லம்மா. இப்ப புதுசாப் பாக்கிற டாக்டர் யாரும் உங்களுக்கு இப்படி ஒண்ணு நடந்ததுன்னு சொல்லவே முடியாது" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். ஆஞ்சியோ எடுத்த சிடியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த சிடியைத் தங்கை பார்க்க வேண்டும் என்றாள். அவள் பட்டாசு வேலையை விட்டுவிட்டு, எங்கள் பிரஸ்ஸிலேயே காலண்டர் அட்டை ஒட்டும் பகுதியில் சேர்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் டிசைன் பார்க்கும் கம்ப்யூட்டரில் போட்டோம். மேலே சுருங்கியது. கீழே குடம் அசையாமல் நின்றது. அவள் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், கண் சிமிட்டாமல் பார்த்தாள்.

"இது எனக்காக நின்னதா, அவளுக்காக நின்னதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அது ஓம் நெஞ்சுதான?"

நான் சிடியை வெளியே எடுத்து உறையில் போட்டேன். மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு பசைச் சட்டி இருந்த பக்கம் போனாள்.